பதின்மூன்று கை ஓர் அங்குலம்

நேற்று மதியம் பீரோவின் மேலிருந்து உங்கள் அளவுகோலை இறக்கினேன். பழைய வேட்டியில் சுற்றி, இரண்டு முனையிலும் சணல் கட்டி வைத்திருந்தேன். கட்டை அவிழ்த்ததும் அந்த வாசனை வந்தது. சேணத்துக்குப் போடும் எண்ணெய், குதிரை வியர்வை, உங்கள் உள்ளங்கை. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. அது போகாமல் துணிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்குள் இப்போது கேட்கும் சத்தம் அது ஒன்றுதான். மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். பிறகு கடிகாரம்.

ஆறடித் தேக்குக் குச்சி, அதில் ஏறி இறங்கும் பித்தளைச் சட்டம். குதிரையின் பக்கத்தில் கோலை நிறுத்தி, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டின் மேல் சட்டத்தை இறக்கினால் உயரம் தெரிந்துவிடும். நான்கு அங்குலம் ஒரு கை. நீங்களே செய்த கோல் என்பதால் பதினான்கு கைக்குக் கீழே கோடே போடவில்லை. வெறும் மரம். “அதுக்குக் கீழ அளக்க என்ன இருக்கு?” என்பீர்கள். பின்பக்கம் முழுக்கக் கீறல்கள். அளந்த குதிரைக்கெல்லாம் கீறல் கிடையாது. நீங்கள் ஏறிய குதிரைக்கு மட்டும், அதன் உயரத்தில், பேனாக்கத்தியால் ஒரு கீறல், பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. காவலர்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்த அத்தனை வருடமும் அந்தக் குச்சியில் இருக்கிறது.

இறக்கியதன் காரணத்தைச் சொல்கிறேன். பொன்ராஜ் ராஜபாளையம் ரோட்டில் சவாரிப் பள்ளி தொடங்குகிறான். உங்கள் மாணவர்களில் எல்லோருக்கும் பிந்தி ட்ராட் ஓட்டம் கற்றவன், நம் சாப்பாட்டு மேசைக்கு எல்லோருக்கும் முந்தி வந்தவன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, நான்கு பெரிய குதிரைகளை நிறுத்தி, கொட்டகையில் உங்கள் படத்தை மாட்டியிருக்கிறான். போன வாரம் வந்து அளவுகோலைக் கேட்டான். கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறானாம்.

“வாசப் பலகையில சார் சொன்னத அப்படியே எழுதச் சொல்லிட்டேம்மா. ‘பதினஞ்சு கைக்குக் கீழ குதிரை இல்லை.’ அதான் நம்ம பள்ளிக்கூடத்துக்குச் சட்டம்” என்றான்.

காபி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இன்று வெள்ளிக்கிழமை.

இதற்கு நடுவில், செவ்வாய்க்கிழமை, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து செல்லையா வந்தார். குதிரைவண்டிப் பந்தயக்காரர், உங்களுக்கு மறந்திருக்காது. மோர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“நம்ம பேத்தி முப்பிடாதி சவாரி படிக்கணும்னு ஒரே பிடிவாதம்மா. நம்ம குதிர கருப்பட்டியப் பத்திக்கிட்டுப் போயி பொன்ராஜ் பள்ளிக்கூடத்துல நிறுத்துனோம். அத உள்ளயே விடல. ‘இது மட்டக்குதிரை, இதெல்லாம் இங்கன சேராது’ன்னுட்டாரு.”

“அவருடைய குதிரையில ஏத்திக்கிறேன்னு சொல்லலையா?”

“சொன்னாருல்லா. ஏத்தியும் பாத்தாரு. பதினோரு வயசுப் பிள்ள, காலு அங்கவடிக்கு எட்டல. இறக்கி விட்டுட்டு, ‘வளந்துட்டு வா மக்கா’ன்னாரு. ரெண்டு நாளா சோறு திங்க மாட்டேங்கா. வளருததுக்காவது திங்கணும்லா? நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு கேப்பாரும்மா.”

சொன்னால் பொன்ராஜ் கேட்பான். ஆனால் அவன் மனதை மாற்றக்கூடிய ஒரே வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று செல்லையாவை அனுப்பினேன். அவர் படியிறங்கி நின்று, “நீங்க ஏறுன குதிரைல்லா அது” என்றார். ஆமாம் என்றேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உங்களுக்கும் நான் முழுதாகச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. இப்போது சொல்வதில் பயனில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மலை மேலிருந்த எங்கள் கான்வென்ட்டில் சனிக்கிழமை காலை குதிரைச் சவாரி உண்டு. உயரமான பெண்களுக்குப் பெரிய குதிரைகள். குள்ளமான எங்கள் மூவருக்கு மூட்டை சுமக்கும் மட்டக்குதிரைகள். சவாரி மாஸ்டர் ராணுவத்திலிருந்து வந்தவர். பெரிய குதிரைப் பெண்களை ஓயாமல் திட்டுவார். முதுகு! முழங்கை! கண் எங்கே? அவர்கள் அழுதுகொண்டுதான் இறங்குவார்கள். எங்கள் மூவரின் பக்கம் அவர் திரும்பியதே இல்லை. வேலியோரமாகச் சுற்றிக்கொண்டிருப்போம். ஒருநாள் வேண்டுமென்றே கூன் போட்டு, வாரைத் தளரவிட்டு, அவர் முகத்துக்கு நேராக மூன்று சுற்று வந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே சொல் ‘இறங்கு’. வகுப்பில் ஒரு காற்புள்ளி தவறினால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுத வைக்கும் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். என் தவறைப் பார்த்தும் ஒருவர் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

நம் கல்யாணமான மூன்றாம் நாள், நீங்கள் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது, நானும் குதிரை ஏறியிருக்கிறேன் என்று சொன்னேன். எவ்வளவு ஆசையோடு சொன்னேன் என்று நீங்கள் கவனிக்கவில்லை.

“எத்தன கை?”

“பன்னிரண்டு இருக்கும்.”

“அது குதிர இல்ல. ஆட்டுக்கு அண்ணன்!”

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் நான்கடி பத்து அங்குலம். உங்கள் கோலில் பதினான்கு கை இரண்டு அங்குலம். உங்கள் லாயத்தில் எனக்கே இடமில்லை.

அதே வாரத்தில்தான், உங்கள் ஊர் வழக்கில் அடியே என்பதுபோல, என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டீர்கள். அப்படிக் கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்றேன். அன்றோடு அந்தச் சொல்லை விட்டீர்கள். அன்றோடு நானும் குதிரையைப் பற்றிப் பேசுவதை விட்டேன். நீங்கள் விட்டது எனக்குத் தெரியும். நான் விட்டது உங்களுக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று வருடம்.

குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து மைதானம் தெரியும். காலை ஆறு மணிக்கே உங்கள் குரல் வந்துவிடும். “ஹீல்ஸ் டவுன்! குதிகால இறக்குலே, பரதநாட்டியமா ஆடுத?” அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும் என் குதிகால் தானாகத் தரையில் அழுந்தும். காவலர்களுக்கு நீங்கள் சொல்வதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. மட்டக்குதிரையில் பழகியவன் குதிரையை ஓட்டமாட்டான், குதிரைதான் அவனை ஓட்டும். அதற்கு நடை என்பதே கிடையாது, தையல் மிஷின் போலக் குத்தும். அதற்கு மூளை முழுக்கக் குறும்பு. எத்தனை மட்டக்குதிரையில் ஏறிவிட்டு இதையெல்லாம் சொன்னீர்கள் என்று நான் கேட்டதில்லை. ஒன்றில்கூட இல்லை என்று உங்கள் கோலே சொல்லிற்று.

ஓய்வு பெற்றதும் சுல்தானை லாரியில் ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தோம். பதினாறு கை. கடிக்கிறது என்று படையில் ஒதுக்கிய குதிரை. ஊரில் உங்களைத் தெரியாதவர்களுக்கும் சுல்தானைத் தெரியும். எழுபத்தோரு வயதுவரை அதன் மேலிருந்து விழாத நீங்கள், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டீர்கள். வலியைவிட அந்த வெட்கம்தான் உங்களைப் படுத்தியது. பார்க்க வந்தவர்கள், “குதிரையா தள்ளிச்சு?” என்று கேட்கும்போது பதில் சொல்லாமல் இருந்தீர்கள். எனக்கும் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த வருடம் சுல்தானைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரரிடம் ஒப்படைத்தோம். லாரி திரும்பிய பிறகு நாற்காலியைக் கொல்லைக் கதவை விட்டுச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டீர்கள். லாயம் கண்ணில் படக்கூடாது என்று. பேச்சும் குறைந்தது. நடைப்பயிற்சி கொடுக்க வந்தவர், “சின்னக் குதிரையா இருந்தா மெதுவா ஏறலாமே சார், இடுப்புக்கும் நல்லது” என்றதற்கு, அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

நான் கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ் ஏறினேன். செல்லையாவிடம் பந்தயத்துக்கு இடைப்பட்ட நாளில் ஒரு குதிரை வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். எனக்கு என்றேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கருப்பட்டி வந்தது. நிறமும் அப்படியே, குணமும் அப்படியே. நான்கு நாள் நீங்கள் தலையைத் திருப்பவில்லை.

“கொண்டுபோகச் சொல்லு. தெருவுல போறவன் சிரிப்பான்.”

“உங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டாங்க. எனக்குன்னுதான் சொல்லியிருக்கேன்.”

“ஒனக்கு எதுக்கு?”

“உங்களுக்குத்தான் வேண்டாமே.”

ஐந்தாம் நாள் காலையில் உங்கள் பழைய காக்கிக் கால்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து கருப்பட்டி மேல் ஏறினேன். எனக்கு அறுபத்தாறு வயது. கொல்லையில் வேலிக்குள் இருக்கும் அந்தக் கரிசல் துண்டில் பருத்தி எடுத்து முடித்திருந்தது. ஒரு சுற்று வந்தேன். பயத்தில் கூன் விழுந்துவிட்டது. இந்த முறை வேண்டுமென்று செய்யவில்லை. நீங்கள் நடைக்கம்பியை ஊன்றிக்கொண்டு கொல்லைக் கதவுவரை வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

“ஏட்டி! ஹீல்ஸ் டவுன்!”

கருப்பட்டி நின்றுவிட்டது. நானும் அப்படியே இருந்தேன்.

“நிமிரு! முதுகா அது, அரிவாளா? முழங்கைய ஒட்டு. கண்ணு குதிர காதுக்கு நடுவுல இருக்கணும், மண்ண என்ன பாக்க? எவன் ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்?”

“ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கலை” என்றேன்.

அரை மணி நேரம் திட்டினீர்கள். அந்தக் குரலை நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை. என்னை நோக்கி அது வந்ததோ அதுவே முதல் தடவை. ‘ஏட்டி’யைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. பெரிய குதிரைப் பெண்களைப் போலவே அழுதுகொண்டு இறங்கினேன். வியர்வை என்று நினைத்துத் துண்டை நீட்டினீர்கள்.

மறுநாள் நீங்களே கல்லருகில் வந்து நின்றீர்கள். நான் கருப்பட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்ததும் கீழே பார்த்து, “காலு தரையில தட்டுது” என்றீர்கள். “அப்போ நீங்களும் சேர்ந்து நடங்க” என்றேன். சிரித்தீர்கள். கல்யாணமான மூன்றாம் நாள் சிரித்த அதே சிரிப்பு. இந்த முறை எனக்கு வலிக்கவில்லை.

பதினோரு காலை. மூன்றாம் நாள், “நட பரவால்ல” என்றீர்கள். ஏழாம் நாள் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தீர்கள். கடைசி நாள் இறங்கி, என் தோளைப் பிடித்து நின்றுகொண்டு சொன்னீர்கள்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா பொன்ராஜுகிட்ட.”

“சொல்லமாட்டேன்.”

ஊர் என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. பூ மார்க்கெட்டில் எனக்குக் கேட்கும்படியே, “அம்மா குதிர ஏறுதாங்களாம்லா!” என்றார்கள். நான் கதம்பத்தில் வாடிய பூவைப் பொறுக்கிக் காட்டி, வேறு கட்டித் தரச் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் செல்லையா பந்தயத்துக்காகக் கருப்பட்டியைப் பிடித்துப் போனார். கொல்லைக் கதவில் இருவரும் நின்றோம். திரும்பக் கொண்டுவரச் சொல் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். திரும்பக் கொண்டுவரவா என்று நான் கேட்பேன் என்று நீங்கள் காத்திருந்தீர்களோ என்னவோ. வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்கட்டும் என்று நான் நினைத்தது நிஜம். நாற்பத்து மூன்று வருடம் நான் கேட்காமல் இருந்தேன், நீங்கள் ஒருமுறை கேட்டால் என்ன என்று. அதற்குப் பிறகு இரண்டரை வருடம் இருந்தீர்கள். கரிவலம்வந்தநல்லூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. அந்த இரண்டரை வருடத்தில் ஒரு நாள்கூட நான் ஏறவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. இதை அப்படியே எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் கூடத்தில் கிடந்த அன்று பொன்ராஜ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான், “சார் மட்டக்குதிரைய ஏறெடுத்தும் பாத்ததில்ல” என்று. வந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நேற்று கோலைத் துடைத்து எண்ணெய் போட்டேன். ஒருவரிடம் ஒரு பொருளைக் கொடுப்பதென்றால் துடைத்துத்தான் கொடுக்க வேண்டும். பின்பக்கத்தில் மேலிருந்து கீழே துணியை இழுத்து வந்தேன். சுல்தானின் ‘சு’, மற்ற எழுத்துகள், பதினைந்து கையோடு முடிந்தன. அதற்குக் கீழே வழுவழுப்பான மரம். அந்த வெற்று மரத்தில் துணி ஓரிடத்தில் சிக்கியது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே எடுத்துப்போனேன். ஒரு கீறல். மற்றவை நேராக இருந்தன, இது சாய்ந்து, இருமுறை கத்தி வழுக்கியதுபோல இருந்தது. பக்கத்தில் ‘க’.

தையல் டேப்பை எடுத்து அளந்தேன். ஐம்பத்து மூன்று அங்குலம். பதின்மூன்று கை ஓர் அங்குலம்.

எப்போது செய்தீர்கள்? குனிய முடியாத மனிதர். நான் கடைக்குப் போயிருந்த ஏதோ ஒரு காலையில், நடைக்கம்பியை ஒரு கையிலும் கோலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, கருப்பட்டியை நிறுத்தி அளந்திருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டிருந்தால் குதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கூப்பிடவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற அந்த ‘யாரில்’ நானும் இருந்திருக்கிறேன்.

இதுவரை மதியம் எழுதினேன். பொன்ராஜ் வந்து போன பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கோலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“திருப்பிப் பார், பொன்ராஜ். பின்பக்கம் கீறல் எதுக்குன்னு தெரியுமா?”

“என்னம்மா இப்படிக் கேக்கிய? சார் ஏறுன குதிரைக. அளந்ததுக்குப் போட மாட்டாங்க. இந்தா, சுல்தான். என்னையக் கடிச்ச பய!” தோளைத் தடவிக்கொண்டான்.

“கீழே வா.”

விரல் இறங்கிக்கொண்டே வந்தது. பதினைந்தைத் தாண்டியது. பதினான்கைத் தாண்டியது. நின்றது. குனிந்து பார்த்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நான் டேப்பை நீட்டினேன். அவனே அளந்தான். தறி ஓடிக்கொண்டிருந்தது.

“யாரும்மா ‘க’?”

நான் டேப்பை வாங்கிச் சுருட்டினேன்.

“செல்லையா அண்ணாச்சி கருப்பட்டியா? அது நீங்க ஏறுனதுன்னுல்லா ஊருல…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். “சார் ஏறுனாங்களாம்மா?”

“அதை நான் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன். கோல் உன் கையில இருக்கு.”

வெகுநேரம் அந்தக் கீறலையே தடவிக்கொண்டிருந்தான். உங்கள் மேல் கோபப்படுவான் என்று பயந்தேன். படவில்லை. “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. கூட வந்து குதிரையப் பிடிச்சிருப்பேனே” என்றான். அவனுக்கும் அதே குறைதான்.

எழுந்து வாசல்வரை போனவன் திரும்பினான். “அந்தப் பலகைய எழுத வேண்டாம்னு சொல்லிருதேம்மா. அந்தப் பிள்ளையக் கருப்பட்டியோட வரச் சொல்லுங்க. சேத்துக்கிடுதேன்.”

“சேர்த்தா மட்டும் போதாது, பொன்ராஜ்.”

“வேற என்னம்மா?”

“வேலியோரமாச் சுத்தவிட்டுட்டு, பெரிய குதிரைப் பக்கம் திரும்பிக்கக் கூடாது. அவள் தப்பாக உட்கார்ந்தால் சத்தம் போடணும். மத்தவங்களுக்குப் போடுற அதே சத்தம். அழுதாலும் பரவாயில்லை.”

புரிந்ததோ இல்லையோ, “சரிம்மா” என்று கையைக் குவித்தான். கோலைக் குழந்தையைப்போல மார்போடு சாய்த்து எடுத்துக்கொண்டு போனான். துணியையும் சணலையும் என்னிடமே விட்டுவிட்டான்.

செல்லையாவுக்குப் போன் போட்டேன். அவர் பேசுவதற்குள் அந்தப் பெண் போனைப் பிடுங்கிவிட்டாள். “ஆச்சி, நெசமாவா? எப்ப வரட்டும்?” என்றாள். என்னை ஆச்சி என்று கூப்பிட ஆளில்லாத வீடு இது. திருத்தலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என்றேன். முதலில் சோறு தின்னச் சொன்னேன்.

பீரோவின் மேல் இப்போது ஒன்றும் இல்லை. வேட்டியை மடித்து என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். வாசனை இன்னும் சில மாதம் வரும். தறியை நிறுத்திவிட்டார்கள். கடிகாரம் கேட்கிறது. இதை எழுதி முடித்துக் குனிந்து பார்த்தால், மேசைக்கடியில் என் இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தியிருக்கின்றன. நீங்கள் வாசல் பக்கம் நின்று பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. முதுகுதான் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அதையும் இப்போது நிமிர்த்திக்கொண்டேன்.